பிற்றர் அண்ணையின் யன்னல்கள்

பிற்றர் அண்ணை ஒரு முடிச்சை அறுத்து நான் கண்டதில்லை. உப்புத் தண்ணீரில் ஊறி, வெயிலில் காய்ந்து, கல்லாய் இறுகிப்போன நைலோன் முடிச்சாக இருந்தாலும் மடியில் வைத்துக்கொண்டு ஒரு துருப்பிடித்த ஆணியால் நோண்டி நோண்டி அவிழ்ப்பார். பக்கத்திலேயே கத்தி கிடக்கும். எங்கள் சித்தப்பாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது.

"அண்ணை, அறுத்தெறியுங்கோவன். கயிறுக்கோ இப்ப பஞ்சம்?"

"கயிறுக்குப் பஞ்சமில்லைத்தான்." கை நிற்காது. "அறுத்தால் பிறகு இது ரெண்டு கயிறெல்லே."

"ரெண்டு கயிறெண்டால் ரெண்டு பேருக்குக் குடுக்கலாம்."

பிற்றர் அண்ணை ஆணியை மறுபடி முடிச்சுக்குள் விடுவார். சித்தப்பா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார். நான் கிணற்றடியில் புத்தகத்தோடு இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். முடிச்சு கடைசியில் அவிழும். அவர் அந்தக் கயிற்றை நீவி, சுருட்டி, ஒரு மூலையில் வைப்பார். அதன்பிறகு அந்தக் கயிறு எதற்கும் பயன்பட்டதாகவும் எனக்கு ஞாபகமில்லை.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பூட்டும் பிற்றராக இருந்தவர் என்று சொல்லிக்கொண்டு வந்தார், அதுவே பெயராகிவிட்டது. தொண்ணூறாம் ஆண்டு சண்டை மறுபடி தொடங்கி, அந்தப் பக்கத்துச் சனமெல்லாம் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்ட நேரம், அவரும் மனைவியும் நாலு வயது மகளும் தொண்டைமானாற்றில் எங்கள் வளவுக்குள் வந்து ஒதுங்கினார்கள். வலை போட்டுவைக்கும் கொட்டிலை அம்மா ஒழித்துக் கொடுத்தார். அந்தக் கொட்டிலின் மரக்கப்பில் பிற்றர் அண்ணை கடைசிவரை ஓர் ஆணி அடிக்கவில்லை. கழற்றிய சேட்டை மடித்துப் பெட்டிமேல் வைப்பார். "சேட்டுக் கொழுவ ஒரு ஆணி அடியுங்கோவன் அண்ணை" என்று அம்மா சொன்னால், "போகப்போற இடத்திலை ஏன் தங்கச்சி ஓட்டை போடுவான்" என்பார். அவர் எங்கே போகப்போகிறார் என்று அம்மா கேட்டதில்லை. ஊருக்குத் திரும்பிப் போவதைத்தான் சொல்கிறார் என்று முதலில் நினைத்தோம்.

அந்த வருடங்களில் அரசாங்கத்தின் தடையால் யாழ்ப்பாணத்துக்குள் பெற்றோல் வருவதில்லை. பிஸ்ரன் வராது, றிங் வராது, பிளக் வராது. மண்ணெண்ணெய் மட்டும் எப்படியோ வந்தது. எல்லா எஞ்சின்களும் அதைக் குடிக்கப் பழகின. ஒரு மூடி பெற்றோலைக் காபரேற்றருக்குள் ஊற்றி, உதைத்தோ கயிற்றை இழுத்தோ உயிர் கொடுத்துவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். ஓயிலுக்குப் பதில் தேங்காயெண்ணெய். ஒழுங்கையால் ஒரு மோட்டார் சைக்கிள் போனால் ஆரோ வடை சுடுவதுபோல வாசம் வரும். சின்னப்பிள்ளைகள் உண்மையாகவே படலைக்கு ஓடிவந்து பார்த்திருக்கிறார்கள்.

இப்படி ஓடினால் சிலிண்டர் எத்தனை நாளைக்குத் தாங்கும்? உள்சுவர் கோடு கோடாய்க் கீறிப்போகும். புதியது கிடையாது. ஆகவே ஒன்றின் உடம்புக்குள் இன்னொன்றின் குடல். மோட்டார் சைக்கிள் சிலிண்டரின் இரும்பு உறையைக் கழற்றித் தண்ணீர்ப் பம்பிக்குள் இறக்குவார்கள். பம்பியின் உறையை வேறெதற்குள்ளோ இறக்குவார்கள். லேத்தில் கொஞ்சம் கடைந்தால் உறை பொருந்திவிடும். யன்னல்தான் பொருந்தாது.

யன்னல் என்பது அவருடைய சொல். ரூ ஸ்ரோக் எஞ்சினுக்கு வால்வு இல்லை. சிலிண்டரின் சுவரிலேயே ஓட்டைகள் இருக்கும். ஏறி இறங்கும் பிஸ்ரன்தான் அவற்றைத் திறப்பதும் மூடுவதும். ஒன்றால் எரிந்த புகை போகும், மற்றதால் புதுக்காற்று வரும். பழைய உறையை வேறு உடம்பில் இறக்கும்போது அந்த ஓட்டைகளை அளவு மாற்றி வெட்ட வேண்டும். புகை போகும் யன்னலின் மேல்விளிம்பு கொஞ்சம் உயர்ந்துவிட்டால் எஞ்சின் பறக்கும், ஆனால் பாரம் இழுக்காது. தாழ்ந்துவிட்டால் இழுக்கும், ஆனால் ஓட்டம் இராது. நடுவிலே எங்கோ ஒரு மயிரிழையில் இரண்டும் சேர்ந்திருக்கும். அந்த மயிரிழையைத் தேடித்தான் எல்லாரும் அவரிடம் வந்தார்கள்.

தேடுவதற்கு அவர் எடுக்கும் நேரம்தான் பொல்லாதது. ஒரு கொப்பித்தாளை உறைக்குள் சுருட்டி வைத்து, விரலில் கரி தொட்டுத் தேய்த்து, யன்னலின் உருவத்தைப் பிரதி எடுப்பார். தாளை விரித்துவைத்துக்கொண்டு வெகுநேரம் பார்ப்பார். பிறகு எலிவால்போன்ற மெல்லிய அரத்தால் நாலு இழுவை. ஊதுவார். பஞ்சை எடுத்து விளிம்பில் தேய்ப்பார். பஞ்சில் ஒரு நூல் மாட்டினாலும் பிஸ்ரனின் றிங்கும் அங்கே மாட்டும், மாட்டினால் உடையும் என்பார். பிறகு முழுவதையும் பூட்டி, ஓடவிட்டு, காது கொடுத்து, மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, மறுபடி நாலு இழுவை.

"எடுக்கலாம் தம்பி, திருப்பி வைக்கேலாது." ஆரும் அவசரப்படுத்தினால் அவர் சொல்வது இதுதான்.

அச்சுவேலிப் பக்கத்திலிருந்து ஒரு தோட்டக்காரர் தண்ணீர்ப் பம்பியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு நாளும் பொழுதும் சைக்கிளில் வந்துபோனார்.

"என்ன பிற்றர் அண்ணை, வெட்டியாச்சோ?"

"வெட்டின மாதிரித்தான்."

"வெட்டினதோ, வெட்டின மாதிரியோ?"

"இன்னும் ஒருக்காக் கழட்டிப் பாக்கவேணும்."

தோட்டக்காரர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "அண்ணை, நான் நட்டிருக்கிறது வெங்காயம். தென்னம்பிள்ளை இல்லை."

கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த அம்மா வாளியைப் பிடித்தபடியே சிரித்தார். பிற்றர் அண்ணையும் சிரித்தார். ஆனால் பம்பி அன்றைக்கும் போகவில்லை. இரண்டு நாள் கழித்துப் போனது. போனது திரும்பி வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவருடைய கையால் போன எஞ்சின் திரும்பி வருவது அருமை.

தலைமயிரும் அப்படித்தான். தோளைத் தொடும் அளவுக்கு வளர்ந்து கிடந்தது. "என்ன அண்ணை, சன்னதி முருகனுக்கு ஏதும் நேத்தியோ?" என்று அம்மா கேட்பார். "வெட்டத்தான் வேணும்" என்பார். வெட்டமாட்டார்.

அவருடைய மனைவியும் மகளும் போன நாள் எனக்குத் தெரியும். நான் அங்கே நின்றேன். அவர்கள் எங்கள் வளவுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த அக்காவின் சொந்தக்காரர் இந்தியாவில் கோடியக்கரைப் பக்கம் இருந்தார்கள், மூன்று பேரும் அங்கே போவதாகத்தான் ஏற்பாடு. படகு சித்தப்பாவுடையது. மகளை இடுப்பில் வைத்தபடி அக்கா ஏறிவிட்டார். பிற்றர் அண்ணை இடுப்பளவு தண்ணீரில் நின்று படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் முன்னுக்குப் போங்கோ. நான் வீட்டை ஒருக்காப் பாத்திட்டு அடுத்த படகிலை வாறன்."

"வீட்டை ஆர் பாக்க விடப்போகினம்?" என்றார் அக்கா. உண்மைதான். அந்தப் பக்கம் ஒரு காகம்கூடப் போகமுடியாத காலம். அவருடைய வீடு நிற்கிறதா என்றே ஒருவருக்கும் தெரியாது.

அவர் விளிம்பிலிருந்து கையை எடுக்கவில்லை. சித்தப்பா பின்னாலிருந்து கத்தினார். "அண்ணை, ஒண்டில் ஏறுங்கோ, இல்லாட்டிக் கையை விடுங்கோ!"

கையை விட்டார்.

அடுத்த படகு என்பது கிட்டத்தட்ட மூன்று வருடமாக நீண்டது. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று இருக்கும். ஆரோ ஒருவருடைய பம்பி பாதியில் கிடக்கிறது. காய்ச்சல் விட்டும் விடாமலும் இருக்கிறது. கடல் சரியில்லை. எல்லாம் பொய்யில்லை, ஆனால் அந்தப் பம்பியின் சொந்தக்காரர்கூட அவரைப் போகவேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டார்.

அந்தக் கரையிலிருந்து வரும் செய்திதான் அவருக்குச் சாப்பாடு. சித்தப்பா வந்து படகைக் கரையில் ஏற்றும்போதே போய் நிற்பார். "மனிசி சுகமாம். பெட்டை பள்ளிக்கூடம் போறாளாம். முன்பல்லு விழுந்திட்டுதாம்."

"மேல் பல்லோ, கீழ்ப் பல்லோ?"

"நான் என்ன பல்லு டொக்டரோ அண்ணை?"

அடுத்த நாள் காலையில் வந்து மறுபடி கேட்பார். "பல்லு விழுந்ததெண்டு ஆர் சொன்னது, மனிசியோ? பிள்ளை பக்கத்திலை நிண்டவளோ?" சித்தப்பா வலையைப் போட்டுவிட்டு என்னிடம் சொல்லுவார், "எடேய், நீ படிச்சனியெல்லே, உந்த மனிசனை ஏத்துறதுக்கு ஒரு வழி சொல்லு."

என்னிடம் வழி ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள் நான். ஐயா, சித்தப்பா, அவர்களுடைய தகப்பன் எல்லாரும் கடல். நான் ஏ.எல். சோதனை எடுத்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எடுபடுமா என்று காத்திருந்தேன். வலையைத் தொட்டால் அம்மா ஓடிவருவார்: "வை, வை, கை பழுதாப் போம்." கடற்கரைக்குப் போனால் என்னோடு படித்துப் பாதியில் விட்ட பெடியள் கதையை நிறுத்திவிட்டு "வாங்கோ மாஸ்ரர்" என்பார்கள். பகிடிதான். ஆனால் நான் அங்கிருந்து எழும்பிய பிறகுதான் மறுபடி கதை தொடங்கும். அதனால் பின்னேரங்களில் கிணற்றடிக்குத்தான் வருவேன். அவர் கொட்டில் வாசலில் இருப்பார். இருவரும் அதிகம் பேசியதில்லை. ஒழுங்கையால் மோட்டார் சைக்கிள் ஒன்று போகும். அவர் அரத்தை நிறுத்தி அது போகுமட்டும் கேட்பார். நான் பக்கத்தைப் புரட்டுவேன். பொழுதுபடும்.

ஒருநாள் அவராகவே கேட்டார். "தம்பி, கம்பசுக்கு எடுபட்டால் போவீரோ?"

"போகத்தானே படிச்சனான்."

"போய்ப் பிடிக்காட்டி?"

"திரும்பி வாறதுதான்."

"திரும்பி வரேக்கை இப்ப இருக்கிற ஆளா வருவீரோ?"

நான் புத்தகத்தில் படித்த ஏதோ ஒன்றைச் சொன்னேன். மனிதன் மாறிக்கொண்டே இருப்பவன் என்ற மாதிரி. அவர் அதைக் கவனமாகக் கேட்டார். பிறகு அரத்தின் பல்லிலிருந்து இரும்புத்தூளைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"என்னை அவளுக்கு இப்ப தெரியாது தம்பி. நாலு வயசிலை கண்டது. அங்கை ஒவ்வொரு படகுக்கும் தாய் சொல்லிக்கொண்டிருப்பா, கொப்பர் வருவார், அப்பா வருவார் எண்டு. போகாமல் இருக்குமட்டும் நான் வரப்போற ஆள். போய் இறங்கினால்..." கையை விரித்தார். கை முழுக்க எண்ணெய்க் கறுப்பு. "உதுதான்."

தொழிற்சாலையில் இருந்தபோது அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நூறு பேர் இருந்திருப்பார்கள். எங்கள் வளவில் அவர் கிணற்றுக்கும் கொட்டிலுக்கும் நடுவே நடமாடும் ஒரு மனிதர். அன்றைக்கு எனக்கு அது விளங்கியதென்று சொன்னால் பொய். அவர் தன்னைப் பகிடி பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்துவைத்தேன்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு பங்குனியில் சித்தப்பாவின் படகு எஞ்சின் விழுந்தது. இரண்டு சிலிண்டரில் ஒன்றின் உட்சுவர் தேய்ந்துபோய், கயிற்றை இழுத்தால் செத்த மாட்டின் வயிற்றை அமுக்கியதுபோல ஒரு சத்தம். எஞ்சின் இல்லாவிட்டால் சித்தப்பாவுக்குத் தொழில் இல்லை. எங்கள் இரண்டு வீட்டு அடுப்பும் அந்த எஞ்சினில்தான் எரிந்தது. அதை ஆள்வைத்துத் தூக்கிவந்து பிற்றர் அண்ணையின் முன்னால் வைத்தார்.

"அண்ணை, இதைச் செய்து தாங்கோ. முதல் ஓட்டத்திலை உங்களைக் கொண்டுபோய் அங்கை இறக்கிறன்."

"பாப்பம்."

"பாப்பம் எண்டுற கதை இல்லை. சொல்லி அனுப்பியாச்சு."

"ஆருக்கு?"

"உங்கடை மனிசிக்குத்தான். நேற்றுப் போன வேறை படகிலை சொல்லிவிட்டனான். இந்த அமாவாசைக்குப் பிற்றர் வருவார், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கரைக்கு வரச்சொல்லி."

பிற்றர் அண்ணையின் கையிலிருந்த அரம் நின்றது. "சொல்லிப்போட்டீரோ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எங்கோ ஒரு பொருளை வைத்த இடம் ஞாபகம் வந்ததுபோலச் சொன்னார்.

அதன்பிறகு நான் கண்டது வேறொரு மனிதரை. விழுந்துகிடந்த மோட்டார் சைக்கிள் ஒன்றின் சிலிண்டர் உறையை எங்கிருந்தோ கொண்டுவந்தார். சைக்கிளில் கட்டிக்கொண்டு நெல்லியடிக்குப் போய், மின்சாரம் இல்லாத ஊரில் பம்பி எஞ்சினைப் பூட்டி லேத் ஓட்டும் ஒருவரிடம் கடைந்துகொண்டு வந்தார். கரி தொட்டுப் பிரதி எடுத்தார். ஒருதரம் பார்த்தார். பிறகு வெட்டினார். நாலு இழுவை, நிறுத்தல், கழற்றல் ஒன்றுமில்லை. அரம் ஒரே சீராகக் கிறீச்சிட்டுக்கொண்டேயிருந்தது.

"என்ன பிற்றர் அண்ணை, ஆரோ பின்னாலை கலைக்கிற மாதிரி?" என்று அம்மா கேட்டார்.

"கலைக்கினம்தானே தங்கச்சி" என்று சிரித்தார்.

அந்தக் கிழமை தலைமயிரையும் வெட்டிக்கொண்டு வந்தார். கழுத்தின் பின்பக்கம் வெள்ளையாகத் தெரிந்தது. வயதில் குறைந்தவராகவும், என்னவோ காவல் இல்லாதவராகவும் தெரிந்தார். அம்மா மகளுக்கென்று தின்னப் பனம்பழப் பனாட்டும் புழுக்கொடியலும் பொதி செய்தார். "இந்தமுறை போயிடுவார்" என்று அம்மா சொன்னார். அவர் போனால் பின்னேரங்களில் கிணற்றடியில் நான் தனி. ஆனாலும் அவர் போகவேண்டும் என்றுதான் விரும்பினேன்.

எஞ்சினைப் படகில் பூட்டி ஏரிக்குள் ஓட்டிப் பார்த்தார்கள், சித்தப்பாவும் அவரும். நான் பாலத்தடியில் நின்றேன். ஒரு மூடி பெற்றோல், இரண்டு இழுவை, பிடித்துக்கொண்டது. தேங்காயெண்ணெய்ப் புகை நீலமாக எழும்பியது. பிறகு அந்தச் சத்தம் உயர்ந்து உயர்ந்து ஒரே கோடாகப் போனது. படகின் முன்பக்க அணியம் தண்ணீரைவிட்டு எழும்பியது. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த கிழவர்கள்கூட எழும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணை, ஆரைப் பிடிச்சு உள்ளுக்கை வைச்சுப் பூட்டினனியள்?" சித்தப்பா கத்தியது கரைவரை கேட்டது. பிற்றர் அண்ணை வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய பல்லை நான் முழுவதாகக் கண்டது அன்றைக்குத்தான்.

புறப்பட்டது அமாவாசைக்கு முதல்நாள், பொழுதுபடும் நேரம். ஆற்றுவாய்க்கு அப்பால் மணல்திட்டி. படகில் கண் வைத்தியத்துக்குப் போகும் ஒரு கிழவரும் அவருடைய மகளும், கைக்குழந்தையோடு ஒரு பெண், இன்னும் சிலர். பிற்றர் அண்ணை எஞ்சினுக்குப் பக்கத்தில், பொதியை மடியில் வைத்துக்கொண்டு, தோய்த்து மடித்த சேட்டோடு இருந்தார். நானும் இன்னும் இரண்டு பேரும் தண்ணீரில் நின்று படகைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

சித்தப்பா கயிற்றை இழுத்தார். பிடித்தது. மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் இருமியது. அந்தக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய எந்த எஞ்சினும் முதலில் இருமும். பிற்றர் அண்ணை அதன் மூடியில் கையை வைத்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"பாரம் கூட" என்றார்.

"என்னண்ணை?"

"பாரம் கூடிப்போச்சு. கரையாலை வெளிக்கிடும், நடுக்கடலிலை இழுக்காது. யன்னலை நான் கொஞ்சம் உயத்தி வெட்டிப்போட்டன். ஒராள் இறங்கவேணும்."

ஒருவரும் அசையவில்லை. கைக்குழந்தைக்காரி குழந்தையை நெஞ்சோடு அணைத்தாள். கிழவர், தனக்குக் காது கேளாததுபோல, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகள் பிற்றர் அண்ணையையே பார்த்தாள், அவர் தங்களைச் சொல்லிவிடுவாரோ என்று.

"அண்ணை, நேற்று ஓட்டேக்கை ஒண்டும் சொல்லேல்லையே" என்றார் சித்தப்பா.

"நேற்று நானும் நீரும்தானே."

சொல்லிக்கொண்டே காலைத் தூக்கி வெளியே போட்டார். தண்ணீர் அவருடைய நெஞ்சுவரை வந்து, பிறகு இடுப்பில் நின்றது. பொதியை நீட்டினார். "இதைக் குடுத்துவிடும்." சித்தப்பாவின் வாய் திறந்தபடி இருந்தது. அந்த நேரத்தில் விவாதம் பண்ண முடியாது. கரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் கடற்படையால் ஆபத்து. பொதியை வாங்கினார். பிற்றர் அண்ணையே படகைத் தள்ளினார், எங்கள் எல்லாரையும்விடப் பலமாக.

சத்தம் கடலுக்குள் போய்த் தேய்ந்தது. மற்றவர்கள் கரையேறிப் போய்விட்டார்கள்.

"வாங்கோ அண்ணை" என்றேன்.

"பொறும். இன்னும் கேக்குது."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அலைதான் கேட்டது. நான் நனைந்த சாரத்தோடு வெகுநேரம் பக்கத்தில் நின்றேன்.

அடுத்த நாள் ஊர் முழுக்க அதே பேச்சு. ஒரு மனிதன் பெண்சாதி பிள்ளையிடம் போகிற படகிலிருந்து, மற்றவர்களுடைய உயிருக்காக இறங்கினான் என்று. அம்மா அழுதார். தோட்டக்காரர் ஒரு பிடி வெங்காயம் கொண்டுவந்து கொட்டில் வாசலில் வைத்துவிட்டுப் போனார். நானும் அப்படித்தான் நம்பினேன். தன்னுடைய கைப்பிழைக்குத் தானே பொறுப்பெடுத்த மனிதர் என்று அவரைப் பற்றி மனதுக்குள் பெரிதாக வசனம் எல்லாம் அமைத்தேன். பிற்றர் அண்ணை இதையெல்லாம் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆரோ கொண்டுவந்து போட்ட ஒரு பம்பியைக் கழற்றத் தொடங்கியிருந்தார். நாலு இழுவை, ஊதல், பஞ்சு.

சித்தப்பா பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் திரும்பினார். வந்தவர் தன் வீட்டுக்குப் போகவில்லை. உப்புப் பூத்த உடம்போடு நேரே எங்கள் வளவுக்குள் வந்தார். நல்ல மத்தியானம். நான் கிணற்றடியில் இருந்தேன். பிற்றர் அண்ணை கொட்டில் வாசலில் உறையை மடியில் வைத்து யன்னல் விளிம்பில் பஞ்சு தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, வரேக்கை எத்தினை பேரை ஏத்தினனான் தெரியுமோ?"

பிற்றர் அண்ணை நிமிரவில்லை.

"போகேக்கை இருந்த ஆக்களிலும் மூண்டு பேர் கூட. அதுக்குமேலை சீனி மூட்டை, மருந்துப் பெட்டியள். விளிம்பிலை தண்ணி தட்டத் தட்ட வந்தனாங்கள். உங்கடை எஞ்சின் ஒருக்காக்கூட மூச்சு வாங்கேல்லை."

"கடல் அமந்திருந்திருக்கும்."

"எனக்கோ கடல் சொல்லித் தாறியள்?"

சித்தப்பாவின் குரலைக் கேட்டு அம்மா குசினி வாசலுக்கு வந்தார். நான் எழும்பினேன். பிற்றர் அண்ணை பஞ்சைப் புரட்டி, கறுக்காத பக்கத்தால் தேய்க்கத் தொடங்கினார். சித்தப்பா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவருடைய கோபம் எங்கோ போய்விட்டது. மெல்ல அவருக்கு முன்னால் குந்தினார்.

"கரையிலை நிண்டவை, அண்ணை."

ஆர் என்று அவர் கேட்கவில்லை.

"ரெண்டு பேரும் நிண்டவை. நாங்கள் போய்ச் சேர விடிஞ்சுபோச்சு. எல்லாரும் இறங்கிப் போச்சினம். நான் போய் மனிசியிட்டை விசயத்தைச் சொன்னன். பெட்டை படகுக்குக் கிட்ட வந்து உள்ளுக்கை எட்டி எட்டிப் பாத்துக்கொண்டு நிண்டாள். கீழை பலகைக்கடியிலையும் குனிஞ்சு பாத்தவள்."

பஞ்சு நின்றது.

"என்ன சொன்னவள்?"

"ஒண்டும் சொல்லேல்லை. பனாட்டை வாங்கினாள்."

கிணற்றுக் கப்பியில் ஒரு காகம் வந்து இருந்துவிட்டுப் பறந்தது. பிற்றர் அண்ணை உறையை மடியிலிருந்து எடுத்து நிலத்தில் வைத்தார்.

"வளந்திட்டாளோ?"

சித்தப்பாவுக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. எழும்பி நின்றார். உள்ளங்கையைக் கீழே பார்க்க விரித்து, தன்னுடைய நெஞ்சுக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

"இவ்வளவு."

பிற்றர் அண்ணை அந்தக் கையைப் பார்த்தார். சித்தப்பாவும் இறக்கத் தோன்றாமல் கொஞ்சநேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கை தன்பாட்டில் இறங்கியது. துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படலையால் போய்விட்டார். அம்மா குசினிக்குள்ளிருந்து, "பிற்றர் அண்ணை, சோறு போட்டாச்சு, வாங்கோ" என்றார். இரண்டாவது தரமும் கூப்பிட்டார்.

கை இருந்த இடத்தில் வெயில்தான் இருந்தது. அவர் அந்த உயரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.